ஜெராக்ஸ் ரெண்டு காப்பி

தமிழ்நாட்டில் ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து சாகிறவரை செய்கிற காரியங்களில் ஆதார் கேட்கப்படாத காரியம் எது என்று யோசித்துப் பார்த்தேன். தும்மல் ஒன்றுதான் தோன்றியது. கொரோனா வந்தபோது அதற்கும் கேட்டார்கள்.

தாலுகா ஆபீஸ், பத்திர ஆபீஸ், ஈபி ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கேஸ் ஏஜென்சி என்று எங்கே போனாலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தலை நிமிராமல் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க." எதற்கு என்று கேட்டால் அப்போதுதான் நிமிர்வார். கலெக்டரே கேட்காத கேள்வியை இவன் கேட்கிறானே என்கிற பார்வை. "ரூல் சார்." எந்த ரூல்? "மேலேருந்து சொல்லியிருக்காங்க சார்." மேலே போய்க் கேட்டால் அவருக்கும் மேலேயிருந்துதான் வந்திருக்கும். இப்படியே ஏறிக்கொண்டு போனால் கோட்டையைத் தாண்டி, டெல்லியைத் தாண்டி, கைலாயத்தில் போய் நிற்க வேண்டியதுதான். அங்கே வாசலில் நந்தி கேட்பார், ஆதார் கொண்டுவந்திருக்கிறாயா என்று.

ஒரு காப்பி போதாதா, ஏன் ரெண்டு? ஒன்று ஃபைலுக்குள் போகிறது, சரி. இன்னொன்று? மேஜைக்கடியில் அட்டைப்பெட்டி, பெட்டி நிறைந்தால் சாக்கு மூட்டை, மூட்டை நிறைந்தால் பழைய பேப்பர் கடை. அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பதை எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் பார்த்தேன். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு பாட்டியம்மாள் முறைத்துக்கொண்டிருந்தார். பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி, கதவு எண், 12 இலக்கம், அடியில் நடுங்கிய கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் வேறு கையால் ஒரு வரி: 'முதியோர் உதவித்தொகைக்காக மட்டும்.' விவரம் தெரிந்த பேரனோ பேத்தியோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மிளகாய்த்தூளும் உப்பும் அந்த வரியின் மேலேயேதான் அப்பியிருந்தன. நான் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். கிழித்து என்ன பயன்? அந்த அம்மாளின் மற்ற காப்பிகள் எந்தெந்தப் பொட்டலத்தில் இருக்கின்றனவோ.

இதே நாட்டின் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு ஒரு தைரியம் சொன்னார். ஆதார் தகவலெல்லாம் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதாம். தகவல் என்பது குதிரையேறி வந்து மூட்டை கட்டித் தூக்கிப் போகிற சாமான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ராஜா தேசிங்கு காலத்துக்குச் சரியான ஏற்பாடு.

அவர் சுவரை அளந்து சொல்வதற்கு இரண்டு மாதம் முன்புதான் சண்டிகரிலிருந்து வரும் 'ட்ரிப்யூன்' நாளிதழின் நிருபர் ரச்னா கைரா, வாட்ஸ்அப்பில் வந்த ஓர் ஏஜென்டுக்கு 500 ரூபாய் கொடுத்து, பத்து நிமிடத்தில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தார். யாருடைய எண்ணைப் போட்டாலும் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கொட்டியது. ஆதார் ஆணையம் என்ன செய்தது? போலீசுக்குப் போனது. முதல் தகவல் அறிக்கையில் நிருபரின் பெயரையும் சேர்த்தது. உங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது என்று தெருவில் நின்று குரல் கொடுத்தவனையே ஸ்டேஷனுக்கு இழுத்துப்போன கதை.

ஏஜென்டுக்கு 500 ரூபாய் கொடுக்கக்கூடத் தேவையில்லாத காலமும் இருந்தது. 2017-ல் ஜார்க்கண்ட் அரசின் ஓய்வூதிய இணையதளம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் ஆதார் எண்களை ஊரார் பார்க்கத் திறந்து வைத்திருந்தது. அந்த ஆண்டிலேயே, மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 இணையதளங்கள் பயனாளிகளின் பெயரையும் விலாசத்தையும் ஆதார் எண்ணையும் சேர்த்தே வெளியிட்டிருந்ததாக அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. திருடனுக்கு வேலையே வைக்காத அரசாங்கம். நம்மூரும் சளைத்ததல்ல. 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரம், ஆதார் எண்ணோடு, ஹேக்கர்கள் கூடும் சந்தையில் கிடந்ததாகப் பெங்களூரு பாதுகாப்பு நிறுவனம் ஒன்று சொன்னது. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரங்களை டெலிகிராமில் ஒரு 'பாட்' அள்ளி விட்டது. போன் நம்பரைத் தட்டினால், தடுப்பூசி போடப் போனபோது நீங்கள் காட்டிய அடையாள அட்டையின் எண்ணே வந்து விழுந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் உடனே அறிக்கை விட்டது: ஆதாரமற்றது, விஷமத்தனமானது. சில நாளில் பீகாரில் ஒருவரைக் கைது செய்தார்கள். ஆதாரமே இல்லாத விஷயத்துக்கு எப்படிக் கைது செய்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அதே ஆண்டு அக்டோபரில் ரீசெக்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. 81.5 கோடி இந்தியர்களின் ஆதார், பாஸ்போர்ட் விவரங்கள் விற்பனைக்கு, விலை 80,000 டாலர். அன்றைய மதிப்பில் 66 லட்சம் ரூபாய் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்கு ஒரு பைசாகூடத் தேறவில்லை. என்னை ஜெராக்ஸ் எடுக்கவே கடைக்காரர் இரண்டு ரூபாய் வாங்குகிறார்.

ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்கிற அறிவாளிகள் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஏடிஎம் பின் நம்பரைக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மாவும் இந்தக் கட்சிதான். ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநர் வேறு. 2018 ஜூலையில் தன் ஆதார் எண்ணைத் தானே ட்விட்டரில் போட்டு, இதை வைத்து என்ன கெடுதல் செய்ய முடியும், செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவருடைய போன் நம்பர், பிறந்த தேதி, விலாசம், பான் எண் எல்லாம் சந்திக்கு வந்தன. குறும்புக்காரர்கள் அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டு ரசீதையும் காட்டினார்கள். எனக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை என்று அவர் அசராமல் நின்றார். ஆணையத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. இரண்டு மூன்று நாளில் பொதுமக்களுக்கு அறிவுரை வந்தது: ஆதார் எண்ணை இணையத்தில் போடாதீர்கள், இப்படிச் சவால் விடாதீர்கள்.

அறிவுரை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தலாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். உரிமம் இல்லாத ஹோட்டலும் சினிமா தியேட்டரும் நகல் வாங்கக் கூடாது. படித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பத்து வருஷமாகத் தமுக்கடித்து வாங்கிவிட்டு இப்போது கொடுக்காதே என்றால்? இரண்டே நாள். மே 29 அன்று அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடுமாம். வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதுமாம். ஆதார் ஆணையத்தின் வரலாற்றில் உண்மை பேசிய அந்த 48 மணி நேரத்துக்கு யாராவது ஒரு நடுகல் நட வேண்டும்.

ஈபி கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் கிடைக்கிறது. மீட்டர் ஓடுகிறது, நூறைக் கழிக்கிறார்கள், மீதிக்குப் பணம் கட்டுகிறோம். இதில் ஆள் யார் என்ற கேள்வியே கிடையாது. ஆனால் 2022 அக்டோபரில் தமிழக அரசு ஆணை போட்டது: மானியம் வேண்டுமானால் மின் இணைப்போடு ஆதாரை இணை. 2.67 கோடி இணைப்புகள். ஆரம்ப நாட்களில், இணைக்காமல் ஆன்லைனில் பில் கட்டப் போனவனைத் தளம் உள்ளேயே விடவில்லை. நான் உனக்குத் தர வேண்டிய பணத்தைத் தர வருகிறேன் என்றாலும், முதலில் நீ யார் என்று நிரூபி என்று மறித்த கம்பெனி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம் போட்டார்கள். கூட்டம் அம்மியது. தாத்தா பெயரில் இணைப்பு, தாத்தா 1987-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது யார் ஆதாரைக் கொடுப்பது? வாடகை வீட்டில் குடியிருப்பவன் கொடுத்தால் நாளைக்கு வீட்டைத் தனதென்பானோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். வீட்டுக்காரர் கொடுத்தால் மானியம் தன் கையை விட்டுப் போகுமோ என்று குடித்தனக்காரருக்குப் பயம். டிசம்பர் 31 கடைசி என்றார்கள். பிறகு ஜனவரி 31. பிறகு பிப்ரவரி 15. இத்தனைக்கும் பிறகு மீட்டர் என்ன செய்கிறது? நூறைக் கழிக்கிறது. அதற்கு இன்றுவரை என் விரல் தேவைப்படவில்லை. விரல் தேவைப்பட்டது வேறு யாருக்கோ.

இதற்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது என்று பார்த்தால் டெல்லிச் சட்டத்தில் போய் முட்டும். ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவு முதலில் மத்திய அரசின் தொகுப்பு நிதியிலிருந்து தரப்படும் மானியங்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2019 திருத்தத்தில் மாநில அரசின் தொகுப்பு நிதியையும் சேர்த்தார்கள். கவர்னர் விஷயத்தில் சண்டை, நீட் விஷயத்தில் சண்டை, மும்மொழியா இருமொழியா என்று மல்லுக்கட்டு, வரிப்பங்குக்கு வாய்ச்சண்டை. என் கட்டைவிரல் விஷயத்தில் மட்டும் டெல்லியும் கோட்டையும் அப்படி ஓர் ஒற்றுமை! கூட்டாட்சித் தத்துவம் உயிரோடு இருக்கிறதா என்று கவலைப்படுகிறவர்கள் என் கையைப் பிடித்துப் பார்க்கலாம்; அங்கேதான் நாடி துடிக்கிறது.

அந்த டெல்லிச் சட்டம் வந்த வழியும் ஒழுங்கில்லை. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி என்ற பழங்குடிக் கிராமத்தில் வழங்கப்பட்டது. சட்டம் வந்தது 2016-ல். ஆறு வருஷம் எந்தச் சட்டமும் இல்லாமலேயே கோடிக்கணக்கானவர்களின் விரலையும் கண்ணையும் பதிந்து முடித்துவிட்டு, பிறகு சாவகாசமாகச் சட்டம் எழுதினார்கள். அதையும் மாநிலங்களவை தடுத்துவிடக் கூடாதென்று பண மசோதா என்று முத்திரை குத்தி நிறைவேற்றினார்கள். இது அரசியல் சட்டத்தின் மீது செய்யப்பட்ட மோசடி என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். ஆதார் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகளில் அவர் ஒருவர்தான் அப்படி எழுதினார் என்பதால் அது தீர்ப்பாகாமல் மாறுபட்ட கருத்தாக நிற்கிறது.

நீதிமன்றத்தில் அரசு பேசியதைத் தனியாகத் தொகுத்துப் போட்டாலே பெரிய அங்கத நூலாகிவிடும். நான் எதற்கு மெனக்கெட வேண்டும்? அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015-ல் வாதிட்டார்கள். குடிமகனுக்குத் தன் உடல் மீதே முழு உரிமை கிடையாது என்று 2017-ல் வாதிட்டார்கள். 86 வயதில், 2012-ல், வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. அவர் பெயரால்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று ஐவர் அமர்வு, ஆதார் செல்லும், ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமில்லை, பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமில்லை, தனியார் கம்பெனிகள் கேட்கக் கூடாது என்று கொஞ்சம் கடிவாளம் போட்டது. கடிவாளம் ஒரு வருஷம் தாங்கவில்லை. 2019 திருத்தம் வங்கியையும் சிம்மையும் 'விருப்பப்பட்டால்' என்று கொல்லைப்புறமாக உள்ளே விட்டது. 2025 ஜனவரியில் புதிய விதி வந்து, மக்கள் வாழ்க்கையை எளிதாக்கும் சேவைகளுக்காகத் தனியாரும் அனுமதி பெற்று ஆதாரைச் சரிபார்க்கலாம் என்றது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஆதார் கட்டம் இல்லாத பள்ளிக்கூடம் உங்கள் ஊரில் ஒன்றாவது இருந்தால், அந்தத் தலைமையாசிரியருக்கு நான் மாலை போடுகிறேன்.

நமக்குத்தான் விருப்பம் என்று எழுதியிருக்கிறதே, வேண்டாம் என்று சொல்லிப் பாருங்களேன். சர்வர் டவுன் ஆகிவிடும்.

ரேஷன் கடைக்கு வாருங்கள். எங்கள் பகுதிக் கடையில் ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. "கட்டைவிரலை வைங்க பாட்டி." வைத்தார். சிவப்பு விளக்கு. "கையத் தொடச்சுட்டு வைங்க." முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. "அந்தக் கை." சிவப்பு. "ஆள்காட்டி விரல்." சிவப்பு. பில் போடுகிற தம்பி எழுந்து வந்து பாட்டியின் விரலைத் தானே பிடித்து, கண்ணாடியின் மேல் அழுத்தி, உருட்டி, மறுபடி அழுத்தினார். பாட்டி வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் நிற்கும் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், குற்றம் செய்தவர் மாதிரி. "சித்தாள் வேலைக்குப் போன கைப்பா. சிமென்ட்டுல ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சு." தம்பி சொன்னார்: "கார்டுல வேற யாரு பேரு இருக்கு? உங்க மருமகதான? அவங்கள அனுப்பிவிடுங்க பாட்டி."

உங்க மருமகதான என்று கேட்கிற அளவுக்கு அந்தக் குடும்பத்தையே அவருக்குத் தெரியும். பாட்டியின் பெயர் தெரியும், வீடு தெரியும், அவர் பாமாயில் வாங்குவாரா, சர்க்கரை மட்டும் வாங்குவாரா என்பதும் தெரியும். ஆனால் இந்தப் பாட்டிதான் இந்தப் பாட்டி என்று ஒப்புக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டியது சிமென்ட் என்றால் என்னவென்று தெரியாத ஒரு பெட்டி. உழைத்து உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து நீ யாரென்றே தெரியவில்லை என்று சொல்கிற யந்திரத்தைப் பொது விநியோகத்துக்கு வாங்கிப் போட்டவன் தன் வாழ்நாளில் ஒரு சட்டி சிமென்ட் கலவை தூக்கியிருக்க மாட்டான். விரல் விழாதவர்களுக்குக் கண்ணைக் காட்டும் கருவி பிறகு வந்தது. கண்புரை அறுத்த கண்ணை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

இவ்வளவும் போலிக் கார்டை ஒழிக்க என்கிறார்கள். சரி, போலிக் கார்டு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கைரேகை யார் வந்தார் என்று மட்டும்தான் சொல்லும். 20 கிலோ என்று பில் போட்டு 18 கிலோ நிறுத்துப் போட்டதை அது சொல்லாது. தராசுக்குப் பயோமெட்ரிக் எடுக்க எந்த அரசுக்கும் இவ்வளவு அவசரம் வந்ததில்லை.

நாமாவது மருமகளை அனுப்பி அரிசி வாங்கிவிடுகிறோம். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி சோறு சோறு என்று கேட்டபடியே இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டை மாதக்கணக்கில் முடக்கி வைத்திருந்தார்கள் என்று தாய் சொன்னார். அரசு என்ன சொன்னது தெரியுமா? பட்டினி அல்ல, மலேரியா. ஒரு பிள்ளையின் சாவுக்குக்கூட இவர்கள் கேட்பது சான்றுதான்.

பாட்டியின் விரல் ரேஷன் கடையில் விழவில்லை. ஆனால் திருடனுக்கு விழுகிறது. கர்நாடகத்தில் 2023-ல், பத்திரப்பதிவு ஆவணங்களில் கிடக்கும் கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழிப் பணப் பட்டுவாடா மூலம் பத்திரம் பதிந்தவர்களின் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் உருவிய புகார்கள் குவிந்தன. ஓடிபி வராது, பின் நம்பர் வேண்டாம், விரல் ஒன்று போதும். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலுக்குக் கடவுள் பத்து தடவைதான் வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்.

பக்கத்துப் புதுச்சேரியில் 2021 தேர்தலின்போது நடந்ததைக் கேளுங்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் எண்களுக்கு மட்டும் ஒரு கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மனு போனது. கட்சி மறுத்தது, தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய எண்கள் என்றது. இது எப்படி நடந்தது என்று ஆதார் ஆணையத்தைக் கேட்டது நீதிமன்றம். தேர்தல் முடிந்தது. ஆட்சியும் அமைந்தது. வாக்காளரின் சந்தேகம் மட்டும் அவர் போனிலேயே இருக்கிறது.

இப்படித் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கிற இந்த அட்டை எதற்குத்தான் சான்று? அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள், குடியுரிமைக்குச் சான்றல்ல என்று. பிறந்த தேதிக்கும் சான்றாகாது என்று வருங்கால வைப்பு நிதி அலுவலகம் 2024-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பீகாரில் 2025-ல் வாக்காளர் பட்டியலைத் திருத்தப் புறப்பட்ட தேர்தல் ஆணையம் 11 ஆவணங்களைப் பட்டியல் போட்டது; அதில் ஆதார் இல்லை. ஊரெல்லாம் கையில் வைத்திருக்கிற ஒரே ஆவணம் அதுதான் என்பதால் உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தலையிட்டு 12-வதாகச் சேர்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. சிம் வாங்க வேண்டும், அரிசி வாங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் போட வேண்டும் என்றால் ஆதார் இல்லாமல் நீ மனிதனே இல்லை. ஓட்டுப் போட வேண்டும் என்றால் ஆதார் இருந்தும் நீ யாரோ. 2014-ல் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்தில் சாட்சாத் அனுமாருக்கே ஆதார் அட்டை வந்தது, தந்தை பெயர் பவன் என்று. அவர் விரலையும் கண்ணையும் எந்த முகாமில் எடுத்தார்களோ! அவராவது சிரஞ்சீவி, இறப்புச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை.

சரி, காணாமல்போன தகவலுக்கு யார் பொறுப்பு? 2016 சட்டப்படி உங்கள் ஆதார் விவரம் திருடுபோனால் நீங்கள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க முடியாது. ஆணையம்தான் கொடுக்க வேண்டும். 2018 தீர்ப்பு சொன்ன பிறகுதான் அதைத் திருத்தினார்கள். 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைக் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவலைப் பறிகொடுத்தவருக்கு நயா பைசா இல்லை; பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க இருந்த ஒரு பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. அரசின் எந்த அமைப்புக்கு வேண்டுமானாலும் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கும் ஓர் அபராதம் உண்டு, மறந்துவிடாதீர்கள். அற்பமான புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை.

உச்சக்கட்டம் 2025 நவம்பர். சட்டத்தின் விதிகள் வெளியாயின. உங்கள் தகவலைக் காப்பாற்றும் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு சரத்து இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துவது. முன்பு, பொதுநலன் இருந்தால் அதிகாரியைப் பற்றிய தனிப்பட்ட தகவலையும் தர வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தது. இப்போது தனிப்பட்ட தகவல் என்று சொன்னாலே போதும், கதவை அடைக்கலாம். பொதுநலனுக்காகத் தகவல் தரலாம் என்று 8(2) பிரிவு இன்னும் ஓரமாக நிற்கிறதென்றாலும், அதை எந்த அதிகாரி தேடிப்போய் எடுப்பார்? இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வர எத்தனை மாதம் அவகாசம்? ஒரு நாள்கூட இல்லை, உடனடி. என் அந்தரங்கத்துக்கு ஒன்றரை வருஷம் காத்திருப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று வாதாடிய அரசாங்கத்துக்கு, தன் அதிகாரிகளின் அந்தரங்கத்தின் மேல் மட்டும் அன்றைக்கே அப்படி ஒரு பாசம்.

அதனால் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு காப்பி கேட்டால், மரியாதையாகவே நம்பர் கேளுங்கள். நம்முடையதை அல்ல, அவருடையதை: எந்த அரசாணை எண், எந்தத் தேதி, எந்தப் பிரிவு. வேறு அடையாள அட்டை செல்லுமா என்று கேளுங்கள். கொடுத்துத்தான் தீர வேண்டும் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்காகவும்தான் கேட்கிறோம், நின்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் அதே கேள்விகளை எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். மனுவோடு ஆதார் நகல் இணையுங்கள் என்று அங்கேயும் கேட்டால் இணைக்காதீர்கள். தொடர்பு கொள்ள வேண்டிய விலாசத்தைத் தவிர மனுதாரரிடம் வேறு எந்தத் தனிப்பட்ட விவரமும் கேட்கக் கூடாது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை இன்னும் யாரும் திருத்தவில்லை.